அறிவிப்புப் பலகையின் கயிற்றை மீண்டும் கட்ட அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
சு. காஞ்சனா, எம்.எஸ்சி., பி.எட்.,
பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்),
அரசு உயர்நிலைப் பள்ளி, நல்லாந்தாங்கல்.
இருப்பிடம்: சேரப்பணஞ்சேரி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளியிலிருந்து வெளியே செல்லும் கடிதங்களில் ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யும் பிழைகளைப் பிடித்துவந்த கயிறு அகற்றப்பட்டது – கயிற்றைக் கட்டித்தந்த பெற்றோர் திருமதி லீலா பள்ளிக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது – இரண்டையும் மாற்றியமைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தலைமையாசிரியரின் உத்தரவு, நாள் 17.02.2025.
2. தங்கள் அலுவலகத்தின் விசாரணை அறிவிப்பு (விசாரணை நாள் 13.03.2025, வியாழக்கிழமை, முற்பகல் 11 மணி).

மதிப்பிற்குரிய அய்யா,

1. வணக்கம். நான் இருபத்தோராவது ஆண்டாக ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. முதுகலை அறிவியல் படித்தவள். தமிழில் பிழையாக எழுதுகிறவள். இந்த நான்கில் முதல் மூன்றும் என் பணிப்பதிவேட்டில் உள்ளன. நான்காவது இதுவரை எங்கும் பதிவாகாததால் இம்மனுவில் பதிவு செய்கிறேன். இதை எங்கள் தமிழாசிரியர் திருமதி அறிவுமதி இருமுறை படித்துத் திருத்தித் தந்தார். அதன் பிறகும் எஞ்சியிருப்பவை என்னுடையவை. மனுவின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியர் திரு. சண்முகசுந்தரம் அவர்களிடம் நேரில் கொடுத்துவிட்டேன்.

2. கடந்த 11.07.2024 அன்று எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். அதில், "ஒவ்வொரு மாணவர்களும் கோளரங்கத்திற்கு அழைத்துச் செல்லப்படும்" என்று எழுதியிருந்தேன். அறுபத்தொரு பிரதிகள் போயின. மறுநாள் காலை ஒரு பிரதி மட்டும் என் மேசைக்குத் திரும்பி வந்தது. அதில் விரல்நகம் அளவுள்ள சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் மூன்று ஒட்டப்பட்டிருந்தன. கீழே, "இங்க இடிக்குது டீச்சர். நன்றி. – லீலா, யுவஸ்ரீ அம்மா" என்று எழுதியிருந்தது.

எனக்குக் காது வரை சூடேறியது. இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மை என் கையில் மட்டுமே இருந்து வந்திருக்கிறது. அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படி எரியும் என்று அன்றுதான் அறிந்தேன். யுவஸ்ரீயை அழைத்து, "அம்மா எத்தனை மணி பஸ்சில் வருவார்?" என்று மட்டும் கேட்டேன். குழந்தை பயந்துவிட்டது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

3. திருமதி லீலா பத்தாம் வகுப்பு தேறியவர். ஒரகடத்தில் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகக் கடைசிக்கட்டச் சோதனையில் இருப்பவர். தையல் எங்காவது ஒரு கண்ணி விலகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டுவது அவர் வேலை. அன்று மாலை நாலு இருபதுக்குக் கம்பெனி பஸ்சிலிருந்து இறங்கினார். திட்டுவதற்கு நான் தயாராக நின்றேன். வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். (அவற்றிலும் ஒருமை பன்மை சரியாக இருந்திருக்காது.) என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து, "பாத்துட்டீங்களா டீச்சர்! இது எந்த ஸ்டேஷன்ல தப்பிச்சு வந்துச்சு?" என்று கேட்டார்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு கட்ட வேலையும் நடக்கும் இடத்தை ஸ்டேஷன் என்பார்களாம், அய்யா. எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. நானே எழுதினேன், நானே நகல் எடுத்தேன், நானே கொடுத்தேன். எங்கள் பள்ளியில் பதினாலு ஆசிரியர்கள் இருக்கிறோம். எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். நாங்கள் எழுதுவதை நாங்கள் எழுதிய பிறகு யாரும் படிப்பதே இல்லை என்பது பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

4. தான் என்னை அவமதித்துவிட்டதாக அவருக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. அவர்கள் தொழிற்சாலையில் லைன் நெடுக ஒரு கயிறு ஓடுமாம். குறை கண்ட யாரும், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரானாலும், அதை இழுக்கலாம். மணி ஒலிக்கும், தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும், லைன் நிற்கும், எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் அந்த இடத்துக்கு வந்து முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "நன்றி". யார் செய்தது என்று கேட்கக் கூடாது. எப்படித் தப்பி வந்தது என்றுதான் கேட்க வேண்டும். சரி செய்த பிறகு, இழுத்தவர் பார்த்து "விடலாம்" என்று சொன்னால்தான் லைன் மீண்டும் ஓடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர், "தப்ப பாத்துட்டு கம்முனு போனா அந்தப் புள்ள மூஞ்சில நான் எப்டி முழிப்பேன் டீச்சர்?" என்றார். அவர் சொன்ன "அந்தப் புள்ள" நான்தான். என்னை யாரும் அப்படிச் சொல்லி வெகு காலமாகிவிட்டது. திட்டுவதற்கு அடுக்கியவை எல்லாம் கலைந்து, நான் நடுரோட்டில் சிரித்துவிட்டேன்.

5. தலைமையாசிரியர், "ஒரு வாரம் செஞ்சு பாருங்க" என்று வாய்மொழியாக அனுமதி தந்தார். 22.07.2024 அன்று லீலா அவர்கள் ஒரு பச்சை நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, தாழ்வார அறிவிப்புப் பலகையிலிருந்து பள்ளி மணியின் நாக்கு வரை கட்டினார். வெளியே செல்லும் எந்தக் கடிதமும் ஒரு நாள் பலகையில் தொங்க வேண்டும். பிழை காணும் யாரும் இழுக்கலாம். மணி கேட்டால் பள்ளி முழுவதும் இரண்டு முறை கைதட்டி "நன்றி" சொல்ல வேண்டும். திருத்தம் அறிவுமதி அவர்களுடையது. இழுத்தவர் "விடலாம்" என்ற பிறகே கடிதம் வெளியே போகும்.

முதல் நாள் மணி பதினோரு முறை ஒலித்தது. ஆறாம் வகுப்பு நான்கு முறை விளையாடப் போய்விட்டது. சத்துணவு அமைப்பாளர் திருமதி செல்லம்மாள் பதினொன்று பத்துக்கே சாப்பாட்டுத் தட்டுகளைப் பரப்பிவிட்டு, கரண்டியோடு தாழ்வாரத்துக்கு வந்து, "இன்னாத்துக்குடா அடிக்கிறீங்க? சோத்துக்கா, தப்புக்கா?" என்று கேட்டார். அன்று முதல் சோற்றுக்கு நீளமாகவும் தப்புக்கு இரண்டு சிறு தட்டாகவும் அடிப்பதென முடிவாயிற்று. இது தீர்மானப் புத்தகத்தில் உள்ளது.

6. உடற்கல்வி ஆசிரியர் திரு. தேவராஜன் முதலில் கடுமையாக எதிர்த்தார். "கபடிக்கு ஆள் எடுக்கிறதுக்கும் இலக்கணமா மேடம்?" என்றார். அவருடைய கபடி அறிவிப்புக்கு ஏழு முறை கயிறு இழுக்கப்பட்டது. ஏழாவது முறை பள்ளியே கைதட்டியபோது, கோப்பை வாங்கியவர் போல இரு கையையும் தூக்கிக் காட்டினார். அதன் பிறகு அவர் வாரத்துக்கு மூன்று அறிவிப்புகள் எழுதத் தொடங்கினார். மைதானத்தில் ஓணான் இருக்கிறது என்பதற்குக்கூட அறிவிப்பு வந்தது.

அக்டோபரில் ஒருநாள், பிள்ளைகள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க அவர் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து எழுதித் தொங்கவிட்டார். இரண்டு பாடவேளை யாரும் இழுக்கவில்லை. அவர் பலகைக்குப் பக்கத்திலேயே கவலையோடு நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் பாடவேளையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து இழுத்தாள். அவள் காட்டியது அவர் வைத்த பிழையை அல்ல. அவருக்கே தெரியாமல் இருந்த வேறொன்றை. நான் அப்போது பத்தாம் வகுப்பில் அமிலம் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். இது பணிநேரத்தில் நிகழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

7. ஜூலை 22 முதல் பிப்ரவரி 14 வரை கயிறு 412 முறை இழுக்கப்பட்டது. முதல் மாதம் 163. ஜனவரியில் 19. மொத்தத்தில் தொண்ணூற்றேழு என் பிழைகளுக்காக. பள்ளியில் முதலிடம். "பெற்றோர்கள் அழைக்கப்படும்", "சுவற்றில் எழுதாதே", "முயற்ச்சி திருவினையாக்கும்" என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் எழுவாயைத் திரும்பிப் பார்க்கிறேன். தொடங்கியவர் யார், முடிக்கும்போது அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பார்க்கும் பழக்கம் எழுத்தில் மட்டும் நிற்கவில்லை. அதை இங்கே விரிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் வாசற்கதவுக்கு வெளியே நின்று, பிள்ளையை அனுப்பி மதிப்பெண் கேட்டுவருவார்கள். கயிறு வந்த பிறகு ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேரே உள்ளே வந்து பலகையைப் படிக்கத் தொடங்கினார்கள். செப்டம்பரில் லீலா அவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினரானார்.

8. இனி 14.02.2025 அன்று நடந்த ஆண்டு விழா. அதைப் பற்றித் தங்களுக்கு வந்துள்ள அறிக்கையில் "திட்டமிட்டு ஏற்படுத்தப்பட்ட குழப்பம்" என்று உள்ளதாக அறிகிறேன். நடந்தது வருமாறு.

மேடையின் பின்புறம் இருபதடி பிளக்ஸ் பேனர் அன்று மதியம்தான் வந்து கட்டப்பட்டது. ஆகவே அதன் வாசகம் பலகையில் தொங்கவில்லை. "பெற்றோர்கள் அனைவரையும் வருக வருக என வரவேற்கப்படுகிறது" என்றும், "சாதணை படைத்த மாணவர்களை பாராட்டப்படும்" என்றும் அதில் இருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். விழா முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

மாலை நாலு நாற்பதுக்குச் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் திரு. சிவசங்கர். ஒரகடத்தில் வேறொரு உதிரிபாகத் தொழிற்சாலையின் பொது மேலாளர். அப்போது பஸ்சிலிருந்து இறங்கி நேரே வந்த லீலா அவர்கள், பேனரைப் பார்த்தார், தாழ்வாரத்துக்குப் போனார், கயிற்றை இழுத்தார்.

இரண்டு சிறு தட்டு. முந்நூற்று எண்பது பிள்ளைகள் இரண்டு முறை கைதட்டி "நன்றி!" என்றார்கள். பந்தலில் இருந்த பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் தொழிற்சாலைக்காரர்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றார்கள். செல்போனில் படம் பிடித்தவர்கள் கையை இறக்கினார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் குவளை பாதி நிரம்பியதோடு நிறுத்திக்கொண்டார். சிறப்பு விருந்தினர் "நம்முடைய உற்பத்" என்ற இடத்தில் இருந்தார். அவரும் நிறுத்தினார். மைக்கை மேசைமேல் வைத்தார், இரண்டடி பின்னால் நகர்ந்தார், மஞ்சள் விளக்கைத் தேடுவது போல மேலே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எந்த ஸ்டேஷன்மா?" என்றார். தாழ்வாரத்திலிருந்து லீலா அவர்கள், "சார், உங்க தலைக்கு மேலதான்!" என்றார்.

பந்தலே சிரித்தது. தேவராஜன் அவர்கள் மேசைமேல் மேசை போட்டு ஏறினார். அறிவுமதி அவர்கள் கீழிருந்து சொல்லச் சொல்ல, நான் வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் மைக்கை எடுத்து மூன்று முறை "அனைவரும் அமருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஒருவரும் உட்காரவில்லை. அது அவரை மதியாமையால் அல்ல. இழுத்தவர் விடாமல் லைன் ஓடாது. அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம் கழித்து லீலா அவர்கள் பேனரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்க்குள் படித்தார். அவசரப்படவில்லை. பிறகு கட்டைவிரலைத் தூக்கி, "விடலாம் சார்!" என்றார். டீக்காரர் மீதிப் பாதியை ஊற்றினார். சிறப்பு விருந்தினர் மைக்கை எடுத்து, "தித் திறன்" என்று தொடர்ந்தார்.

விழா இனிதே முடிந்தது. போகும்போது அவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க பிளான்ட்ல ஆபீசுக்கும் ஒண்ணு கட்டணும், அங்கதான் மெயில் எழுதுறானுங்க" என்று சொல்லிப் போனார்.

9. திங்கட்கிழமை காலை கயிறு அறுக்கப்பட்டிருந்தது. பார்வை 1-இல் கண்ட உத்தரவு வந்தது. லீலா அவர்கள் முன்னனுமதி இன்றிப் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது. குழுவிலிருந்து அவர் பெயரை நீக்கத் தங்களுக்குப் பரிந்துரை செய்யப்பட்டுள்ளது. நான் தலைமையாசிரியர் அறைக்குச் சென்றேன். அவர் நிமிராமலே, "பத்தாவது படிச்ச பொம்பள எம்.எஸ்சி., எம்.எட்.டுக்கு மணி அடிக்கிறா. நீங்களும் கைதட்டுறீங்க" என்றார். எம்.எஸ்சி., எம்.எட். அவருடைய பட்டங்கள்.

அவரைப் பற்றிப் புகார் செய்ய இம்மனுவை நான் எழுதவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். மே மாதம் ஓய்வு பெறுகிறார். அது அவருடைய கடைசி ஆண்டு விழா. பேனர் வாசகத்தை அவரே எழுதினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த மூன்று வாரங்களில் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தேன். கயிறு இழுக்கப்பட்டால் சூப்பர்வைசர் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் பிழை செய்தால் நாங்கள் பக்கத்தில் போய்க் குனிந்து நிற்போம். அன்று மேடையில் ஒருவர் பன்னிரண்டு நிமிடம் தனியாக நின்றார். நாங்கள் நானூறு பேர் நன்றி சொன்னோம். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நான் அட்டை எழுதும் சாக்கில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மணியைவிட அந்தச் சிரிப்பு அவரை அதிகம் தைத்திருக்கும். இதற்குப் பொறுப்பு என்னுடையது, லீலா அவர்களுடையது அல்ல. அவர் சிரிக்கவில்லை. அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தண்டனை மட்டும் அவருக்கு வந்திருக்கிறது.

10. இப்போது அவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஏரிக்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறார். பள்ளி வாசலைக் கடக்காமல் இருக்கத்தான். ஒருநாள் நான் வழியில் காத்திருந்து பிடித்தேன். "இன்னா டீச்சர் இது, எங்க கம்பெனில கயிறு இழுக்கலன்னாதான் மெமோ. இங்க இழுத்ததுக்கு மெமோவா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "யுவஸ்ரீய மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார். மற்ற தாய்மார்களும் இப்போது வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

11. கயிறு போன பிறகு வெளியே சென்ற கடிதங்களில் ஒன்றை மட்டும் இணைத்துள்ளேன். 26.02.2025 கண் பரிசோதனை முகாமுக்கான சம்மதப் படிவம். "பரிசோதனை வேண்டாத பெற்றோர்கள் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்ப வேண்டாம்" என்று அதில் இருக்கிறது. அறுபத்தொரு பேரில் முப்பத்தொன்பது பெற்றோர், சம்மதம் என்றால் கையெழுத்துத்தானே என்று எண்ணிக் கையெழுத்திட்டார்கள். முகாமுக்கு வந்தவர்கள் எழுதியிருந்தபடியே நடந்தார்கள். கையெழுத்திட்டவர்களை வேண்டாதவர்கள் எனக் கொண்டு, அந்த முப்பத்தொன்பது பிள்ளைகளையும் பரிசோதிக்காமல் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்கள். அடுத்த முகாம் ஜூலையில்தான்.

படிவத்தை எழுதியவள் நான். எழுதி முடித்ததும் பழக்கத்தில் எழுந்து பலகைக்குப் போனேன். கயிறு இருந்த ஆணி மட்டும் இருந்தது. கயிறு இருந்து, படிவம் பத்து நிமிடம் அங்கே தொங்கியிருந்தால் எட்டாம் வகுப்பில் யாராவது இழுத்திருப்பார்கள். படித்தவர்கள் தப்பாக எழுதுவது எங்கும் நடப்பதுதான். அதைச் சொல்ல ஒருவருக்கு இடம் இல்லாமல் போவதுதான் என் புகார்.

12. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

அ. திருமதி லீலா பள்ளிக்குள் வர விதிக்கப்பட்ட தடையை நீக்கி, மேலாண்மைக் குழுவில் அவர் தொடர உத்தரவிட வேண்டும்.

ஆ. கயிற்றை மீண்டும் கட்ட எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். விழா நாட்களில் மட்டும் மணிக்குப் பதிலாக, இழுத்தவர் எழுதியவரிடம் நேரில் போய்ச் சொல்வார் என்ற ஒரு விதியைச் சேர்க்க லீலா அவர்கள் சம்மதித்துள்ளார். "சார் பக்கத்துல நானே போயி நின்னிருக்கணும்" என்று அவரும் சொன்னார்.

இ. விடுபட்ட முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் இம்மாதமே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் ஏதேனும் நடவடிக்கை உண்டெனில் அது என்மீது எடுக்கப்பட வேண்டும்.

ஈ. இது சிறிய வேண்டுகோள். வியாழக்கிழமை விசாரணைக்கு லீலா அவர்கள் அரைநாள் விடுப்பு எடுத்து வருகிறார். ஆண்டு விழாவில் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பழக நேற்று இருவரும் உட்கார்ந்தோம். "உற்பத்" என்ற இடத்தைத் தாண்ட எங்களால் முடியவில்லை. மூன்று முறை முயன்றோம். கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீசர் முன்னாடி சிரிச்சிட்டா கேஸ் தோத்துடுமா டீச்சர்?" என்று கேட்டார். அவருடைய குரலில் அப்போது சிரிப்பு இல்லை. எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆகவே கேட்கிறேன். அந்த இடம் வரும்போது நாங்கள் சிரித்துவிட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல், நாங்கள் சொல்லி முடிக்கும்வரை தாங்கள் பொறுத்திருக்க வேண்டும். தலைமையாசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

தங்கள் முடிவை எதிர்பார்க்கும்,

சு. காஞ்சனா
(கையொப்பம்)

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 04.03.2025

இணைப்பு:
1. கண் பரிசோதனைச் சம்மதப் படிவம் (என் கையெழுத்தில்).
2. கயிறு இழுக்கப்பட்ட விவரப் பதிவேட்டின் நகல், 22.07.2024 முதல் 14.02.2025 வரை.
3. கயிறு வேண்டும் எனக் கேட்டுப் பெற்றோர் 148 பேர் ஒப்பமிட்ட கடிதம்.
4. மேற்படி பொருளில் உடற்கல்வி ஆசிரியர் திரு. தேவராஜன் தனியே எழுதிய கடிதம் (திருத்தப்படாதது, அவர் அப்படியே அனுப்பச் சொன்னார்).